மலை ஏறும் பழைய ஸ்கூட்டர்: எஞ்ஜினையும் பெல்ட் கிளட்சையும் நம் உயரத்துக்குச் சரிசெய்யும் முறை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக நானுஓயாவுக்கு ஏறும் ரோட்டில், பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பழைய ஸ்கூட்டரில் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கியாயிற்று. எஞ்ஜின் முக்குகிறது. வேகமுள் இருபத்தைந்தைத் தாண்ட மறுக்கிறது. பின்னால் வரும் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே நெருங்குகிறது.

"தம்பி, எஞ்ஜின் போயிருச்சு போல. செய்யணுமா?" என்று கேட்டபடிதான் பலர் வண்டியைக் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு வருவார்கள். எஞ்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எஞ்ஜின் நன்றாகவே இருந்தது. கடல் மட்டத்துக்கு வைத்த ஜெட்டோடும் (காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு) ரோலரோடும் (கியரை மாற்றித் தரும் உருளை எடை), பத்து வருடம் தேய்ந்த பெல்டோடும் அது மலை ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நாம் எல்லோரும் இருக்கிற வண்டியையே காப்பாற்றப் பழகிக்கொண்டோம். இங்கே சொல்லப்போவது காபரேட்டர் உள்ள, நான்கு ஸ்ட்ரோக், பெல்டில் ஓடும் ஸ்கூட்டர்களுக்கு: பழைய டியோ, ஸ்கூட்டி பெப், அவற்றின் கூட்டாளிகள். இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் காபரேட்டர் பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

உயரம் வண்டிக்கு என்ன செய்கிறது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஏழில் ஒரு பங்கு குறைவு. கண்டியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, பிஸ்டனின் ஒவ்வொரு அடிக்கும் எஞ்ஜினுக்குள் போகும் காற்று குறைவதால் வலு குறைகிறது. இந்த இழப்பை எந்த ஜெட்டாலும் திருப்பித் தர முடியாது. இரண்டு, காற்று மெலிந்த அளவுக்குக் காபரேட்டர் பெற்றோலைக் குறைப்பதில்லை. ஆகவே கலவையில் பெற்றோல் கூடிவிடுகிறது. ப்ளக் கறுக்கிறது, காலையில் ஸ்டார்ட் பண்ண மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, பெற்றோல் செலவு ஏறுகிறது. இந்த இரண்டாவது இழப்பை நாம் முழுசாக மீட்கலாம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைத்தான் பல கராஜ்களில் கவனிப்பதில்லை. முன் புள்ளிக்குள் (எஞ்ஜின் தண்டில் பெல்ட் சுற்றும் கப்பிக்குள்) இருக்கும் ரோலர்களுக்கு எஞ்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு வலு இருக்கிறது என்பது தெரியாது. கொழும்பில் எந்தச் சுற்றில் பெல்ட்டை மேலே தள்ளி கியரைக் கூட்டியதோ, நானுஓயாவிலும் அதே சுற்றில் தள்ளும். அங்கே எஞ்ஜினில் அதைத் தாங்கும் வலு இல்லை. மூட்டை தூக்க முடியாதவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போலத்தான். எஞ்ஜின் அமுங்குகிறது, வண்டி மூச்சு வாங்குகிறது.

கனடாவில் பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களைத் திருத்தும் ஒரு நண்பரிடம் பேசியபோது, அங்கேயும் இதே கதைதான் என்று தெரிந்தது. அந்த வண்டிகளிலும் இரண்டு புள்ளி, நடுவில் பெல்ட். ரோலருக்குப் பதிலாகச் சின்னச் சின்ன எடைக்கைகள். உயர்ந்த மலைகளில் ஓட்டுபவர்கள் ஜெட்டையும் எடையையும் சேர்த்தே மாற்றுகிறார்களாம். எஞ்ஜினைத் தொட்டால் கிளட்சையும் தொட வேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று. நமக்குத்தான் இன்னும் ஆகவில்லை.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்

ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். இருநூறு, முந்நூறு மீற்றர் போதும். வளைவு குறைவாக, பஸ் போக்குவரத்து இல்லாத தோட்டத்து ரோடாக இருந்தால் நல்லது. இனி எல்லாச் சோதனையும் அதே ஏற்றத்தில், அதே ஆளோடு, பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய வண்டியில். மழைக்கு ஒரு நாள், வெயிலுக்கு ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் எந்த மாற்றம் உதவியது என்று கடைசிவரை தெரியாது.

ஏற்றத்தில் முழு அக்ஸிலேட்டரில் காதைக் கொடுங்கள். எஞ்ஜின் சத்தம் தாழ்ந்து, அமுங்கி, வண்டியோடு சேர்ந்தே வேகம் குறைந்தால் கலவை, ரோலர், வால்வு என்று தேட வேண்டும். எஞ்ஜின் உச்சத்தில் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது அல்லது கிளட்ச் சூ பிடிக்கவில்லை. புறப்படும்போது மட்டும் உதறினால் கிளட்ச் சூவிலோ, சூ பிடிக்கும் வட்டக் கிண்ணமான பெல்லிலோ கோளாறு. போகப் போக, சூடேறிய பிறகு மட்டும் வலு குறைந்தால் பெல்ட்டையும் கலவையையும் இரண்டையும் சந்தேகியுங்கள்.

பிரேக் இழுபடுகிறதா என்றும் இப்போதே பாருங்கள். நடு ஸ்டாண்டில் ஏற்றி இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டால் தாராளமாக ஓட வேண்டும். டயரில் காற்றும் சரியாக இருக்க வேண்டும். ஒரு டீச்சரின் வண்டிக்கு நான் அரைநாள் காபரேட்டரோடு போராடியிருக்கிறேன். கடைசியில் பின் பிரேக் கேபிள் துருப்பிடித்து, பிரேக் எப்போதும் பாதி பிடித்தபடியே இருந்தது.

எஞ்ஜின்: முதலில் மூச்சு

எயார் ஃபில்டரைக் கழற்றுங்கள். நம் பக்கத்துப் பனியும் மழையும் தோட்டத்து ரோட்டுச் செம்மண்ணும் சேர்ந்து அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். ஒயில் ஊறிய கடதாசி வகை ஃபில்டரைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது. அழுக்கானால் மாற்றுவது ஒன்றுதான் வழி. ஸ்பொஞ்ச் வகை என்றால் மண்ணெண்ணெயிலோ சவர்க்காரத் தண்ணீரிலோ கழுவி, நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் ஒயில் தடவிப் பிழிந்து போடலாம். ஃபில்டர் பெட்டிக்கும் காபரேட்டருக்கும் நடுவில் உள்ள இறப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் மடித்துப் பாருங்கள். அங்கே காற்று ஒழுகினால் பிறகு செய்யும் ஜெட் வேலை எல்லாம் வீண்.

அடுத்தது வால்வு இடைவெளி, அதாவது வால்வின் நுனிக்கும் அதை அமுக்கும் ரொக்கர் கைக்கும் நடுவில் உள்ள சந்து. பழைய ஸ்கூட்டரில் நான் அதிகம் பொருட்படுத்தும் வேலை இது. டிக் டிக் என்ற சத்தம் வந்தால்தான் வால்வு கெட்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் அநேகம். தேயத் தேய வால்வு தன் இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது. அப்போது இடைவெளி குறைந்து, சத்தமும் குறைந்து, வண்டி அமைதியாகக் கெட்டுப்போகிறது. காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது எக்ஸோஸ்ட் வால்வைத்தான்.

இந்த வேலைக்கு எஞ்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளக்கைக் கழற்றினால் கையால் சுற்றுவது எளிது. வால்வு மூடியைத் திறந்து, ஃப்ளைவீலில் உள்ள 'டீ' எழுத்துக் கோடு எதிர்க் கோட்டோடு நேராக வரும்வரை சுற்றுங்கள். அந்த நிலையில் இரண்டு ரொக்கரும் இலேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. வண்டியின் கைநூலில் உள்ள அளவுள்ள ஃபீலர் தகட்டை உள்ளே விடுங்கள். வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்கிப் போனால் இடைவெளி அதிகம். இழுக்கும்போது விரலில் மெல்லிய பிடிப்புத் தெரிய வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் சேர்ந்து திரும்பிவிடும். ஆகவே இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்காமல் மூடியைப் போடாதீர்கள். இன்லெட்டுக்கும் எக்ஸோஸ்டுக்கும் பல வண்டிகளில் வேறு வேறு அளவு. மாற்றி வைத்துவிடாதீர்கள்.

கொம்ப்ரெஷன் மீற்றர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கைநூலில் உள்ள அளவு கடல் மட்டத்துக்கு உரியது. அங்கே 12 (கிலோ/ச.செ.மீ.) காட்டும் நல்ல எஞ்ஜின் நுவரெலியாவில் ஒன்பதரை அளவுதான் காட்டும். இதைத் தெரியாமல் நல்ல எஞ்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

காபரேட்டரும் ஜெட்டும்

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். கோட்டில் வாரக் கணக்குப் பார்த்து அடித்த காலத்தில் எத்தனையோ ஸ்கூட்டர்கள் மாதக்கணக்கில் நின்றன. நின்ற பெற்றோல் ஆவியாகி, ஜெட்டுக்குள் மஞ்சள் பசையாகப் படியும். அந்தப் பசையைக் கரைக்காமலே இன்றுவரை ஓடும் வண்டிகள் இருக்கின்றன.

காபரேட்டரைக் கழற்றி, அடியில் உள்ள கிண்ணத்தை ஒரு வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துப் பாருங்கள். பெற்றோல் சீக்கிரம் ஆவியாகிவிடும், தண்ணீர் இருந்தால் ஈரம் அப்படியே நிற்கும். துருத் தூள் இருந்தால் அது டாங்கியிலிருந்து வருகிறது. ஜெட்டுகளைச் சரியான அளவுள்ள ஸ்குரூ டிரைவரால் கழற்றி, காபரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஐட்லிங்குக்கான சின்ன ஜெட்டின் துளை மிக நுண்ணியதாக இருக்கும். அது வட்டமாக, விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும். கம்பியை உள்ளே விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். பிறகு எந்த எண் பொறித்திருந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. டயஃப்ரம் உள்ள காபரேட்டர் என்றால் அந்த மெல்லிய இறப்பரையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசித் துளை இருந்தாலும் முழு அக்ஸிலேட்டரில் வண்டி இழுக்காது.

சுத்தம் செய்து பூட்டியபின், ஜெட்டை மாற்றுவதற்கு முன், ப்ளக்கைப் படிக்க வேண்டும். புதிய அல்லது சுத்தமான ப்ளக்கைப் போட்டு, உங்கள் ஏற்றத்தில் முழு அக்ஸிலேட்டரில் ஏறுங்கள். உச்சியை நெருங்கும்போது, பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், அக்ஸிலேட்டரை விட்டு அதே கணம் சாவியை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டால் அந்தக் கறுப்பு மேலே படிந்து ஏமாற்றும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் ப்ளக்கைக் கழற்றி, நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். இளம் தேயிலைச் சாய நிறம் என்றால் சரி. புகைக்கரி போல உலர்ந்த கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதல். வெள்ளை வெளேரென்று இருந்தால் பெற்றோல் குறைவு. அந்த நிலையில் மேலும் ஏற்றத்தில் அடிக்காதீர்கள், பிஸ்டன் சூட்டில் கெடும். எண்ணெய்ப் பசையோடு ஈரமான கறுப்பு என்றால் அது ஜெட் சங்கதி இல்லை, ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை: ஏற்றத்தில் அமுங்கும்போது சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். வண்டி இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெற்றோல் கூடுதல். இழுக்கத் தொடங்கினால் பெற்றோல் குறைவு.

பெற்றோல் கூடுதல் என்று உறுதியானால் முழு அக்ஸிலேட்டரில் பெற்றோல் கொடுக்கும் பெரிய ஜெட்டை ஒரு படி சின்னதாக்குங்கள். கணக்கு இப்படி: ஹட்டன் உயரத்துக்கு ஜெட் எண்ணில் நூற்றுக்கு மூன்று, நுவரெலியாவுக்கு நூற்றுக்கு ஐந்து அளவு குறைத்தால் போதும். அதாவது 100 என்று பொறித்த ஜெட் இருந்தால் ஹட்டனில் 97 அல்லது 98, நுவரெலியாவில் 95. அதற்குக் கீழே இறங்கத் தோன்றினால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, அடைத்த ஃபில்டரிலோ கிண்ணத்தில் கூடிய பெற்றோல் மட்டத்திலோ.

ஐட்லிங் கலவையை வெளி ஸ்குரூவில் சரிசெய்யலாம். அது எஞ்ஜின் பக்கமாக இருந்தால் பெரும்பாலும் பெற்றோல் ஸ்குரூ, வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். எயார் ஃபில்டர் பக்கமாக இருந்தால் காற்று ஸ்குரூ, வெளியே திருப்பினால் பெற்றோல் குறையும். முதலில் உள்ளே மெதுவாகத் திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கிவிடாதீர்கள், நுனி உடைந்து உள்ளே தங்கிவிடும். பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, வண்டி சூடான பின் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, ஐட்லிங் ஆக உயர்ந்து சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். நடு ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் இலேசாகச் சுற்றலாம். ஆனால் பிரேக்கைத் தொட்டதும் நிற்க வேண்டும்.

பெல்ட் கிளட்சைத் திறப்பது

எஞ்ஜின் சரியாகி இரண்டு நாள் ஓட்டிய பிறகே இதற்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது.

இடது பக்க மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமில்லை. ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் ஏற்றி அலுமினியத்தை உடைத்த மூடிகள் கராஜுக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மூடியைத் திறந்ததும் கறுப்புத் தூள் இருக்கும். அது பெல்டின் தூள். ஒரு விரல் கனத்துக்கு இருந்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. மூக்கை மூடிக்கொண்டு துணியால் துடையுங்கள். ஒயில் ஈரம் தெரிந்தால் எஞ்ஜின் சீலோ பின் கியர்ப்பெட்டிச் சீலோ ஒழுகுகிறது. அதை மாற்றாமல் புதுப் பெல்ட் போடுவது காசை ரோட்டில் போடுவதுதான்.

முன் நட்டைக் கழற்ற, புள்ளியைப் பிடிக்கும் கருவி வேண்டும். விசிறி இறகுகளுக்குள் ஸ்குரூ டிரைவரைச் செருகினால் இறகு உடையும். பின்பக்கத்தில் கிளட்ச் பெல்லின் நட்டைக் கழற்றி, பெல்ட்டை எடுங்கள்.

பெல்ட்டின் பற்களுக்கு நடுவில் மடித்து வெடிப்புப் பாருங்கள். பக்கவாட்டில் கண்ணாடி போலப் பளபளத்தால் வழுக்கியிருக்கிறது. அகலத்தை அளந்து கைநூலின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் பெல்ட் புள்ளிக்குள் ஆழமாக இறங்கிவிடும். தொடக்க இழுவை போய்விடும். சமவெளியில் 20,000 முதல் 24,000 கிலோமீற்றர் வரை உழைக்கும் பெல்ட்டை நம் ரோட்டில் 15,000க்கு மேல் நான் நம்புவதில்லை.

ரோலர்களுக்கு வருவோம். பெரும்பாலும் ஆறு இருக்கும். வட்டமாக இருக்க வேண்டிய ரோலரில் தட்டையான முகம் விழுந்திருந்தால் அது உருளாது, வழுக்கும். வண்டி ஒரு வேகத்தில் சிக்கிக்கொண்டு பிறகு திடீரென்று பாயும். ரோலர் ஓடும் பள்ளங்களில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் குழியில் இடறினால் புது ரோலர் போட்டும் பயன் குறைவு. பெரும்பாலான வண்டிகளில் ரோலரைக் கிறீஸ் இல்லாமல் உலர்ந்தே போட வேண்டும். ஓரத்தில் இறப்பர் வளையம் போட்டு, உள்ளே கிறீஸோடு வந்த வகை என்றால் மட்டும் அதே வகைக் கிறீஸ், அளவாக.

பழைய ரோலரை எறியாதீர்கள், எடை போடுங்கள். சமையல் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. நான் எங்கள் டவுனில் நகைக்கடைத் தராசில்தான் போட்டுப் பார்ப்பேன். தேய்ந்த ஆறும் ஆறு விதமாக இருக்கும். புது ரோலரின் பக்கத்தில் பொறித்த எடையே உங்கள் தொடக்கப் புள்ளி.

எடையைக் குறைத்தால் ரோலர் வெளியே போக எஞ்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கியர் தாமதமாகக் கூடும். எஞ்ஜின் வலு உள்ள சுற்றிலேயே நிற்கும். நம் ஏற்றத்துக்கு வேண்டியது இதுதான். ஒரு ரோலருக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் குறைக்காதீர்கள். 12 கிராம் இருந்தால் 11. அரைக் கிராம் வேண்டும் என்றால் மூன்று 12, மூன்று 11 வாங்கி ஒன்று விட்டு ஒன்றாகப் போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒரே எடையை வைத்தால் புள்ளி சாய்ந்து தேயும்.

எங்கே நிறுத்துவது? ப்ளக் வயரில் சுற்றும் சின்ன சுற்றுமானி இருந்தால், 110 சி.சி. ஸ்கூட்டர் முழு அக்ஸிலேட்டரில் ஏறும்போது 6500க்குக் கீழே விழாமல், 7500ஐத் தாண்டாமல் நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு மார்க்கர் பேனை போதும். முன் புள்ளியின் வழவழப்பான முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு போடுங்கள். சமதரையில் நல்ல வேகத்தில் ஒரு கிலோமீற்றர் ஓட்டிவிட்டு மூடியைத் திறந்தால், பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்குக் கிட்ட வரை அழிந்திருந்தால் முழுக் கியரும் கிடைக்கிறது. பாதியிலேயே நின்றிருந்தால் ரோலர் மிதமிஞ்சி இலேசு: சமதரையில் எஞ்ஜின் வீணாகக் கத்தும், சூடாகும், பெற்றோல் குடிக்கும்.

இப்போது பின் புள்ளி. உள்ளே பெரிய ஸ்பிரிங் அமுக்கத்தில் இருக்கிறது. நட்டைக் கழற்றும்போது உடம்பின் எடையால் அமுக்கிப் பிடித்து மெதுவாக விடாவிட்டால் நட் முகத்தில் பாயும். இரண்டு பேராகச் செய்யுங்கள். உள்ளே சாய்ந்த பள்ளங்களில் ஊசிகள் ஓடும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது கியரைக் குறைத்துத் தருவது இந்தப் பள்ளம்தான். பழைய கிறீஸ் காய்ந்து ஊசி சிக்கியிருந்தால், வளைவில் வேகம் குறைந்தபின் வண்டி மறுபடி எழுந்திருக்காது. மண்ணெண்ணெயில் கழுவி, சூடு தாங்கும் கிறீஸ் கொஞ்சம் வைத்து, சீல்களை மாற்றிப் பூட்டுங்கள். கடினமான ஸ்பிரிங் போடச் சொல்லிப் பலர் கேட்பார்கள். பெல்ட் சூடேறும், சீக்கிரம் தேயும். பள்ளம் சுத்தமாக ஓடினால் பழைய கடினமே போதும் என்பது என் அனுபவம்.

கிளட்ச் சூவின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் 120 எண் உப்புத்தாளால் தட்டையாகத் தேயுங்கள். பெல்லின் உட்புறத்தையும் அதே மாதிரி. பெல் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டின் தழும்பு. விளிம்பில் படி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சூவை இழுத்துப் பிடிக்கும் மூன்று சின்ன ஸ்பிரிங்கில் ஒன்று நீண்டிருந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

திரும்பப் பூட்டும் இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேலை பழகிய காலத்தில், அவசரத்தில் ஒரு வண்டியின் முன் நட்டை இறுக்கினேன். நட் நின்றது, டோர்க்கும் (இறுக்கும் விசையும்) சரியாகவே இருந்தது. மறுநாள் அந்த அக்கா நானுஓயாவுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டார்: தண்டின் பற்கள் வழித்துப்போயிருந்தன. பெல்ட் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நெரிபட்டு நிற்க, வெளித் தட்டு, தண்டைச் சுற்றியுள்ள குழாயான புஷ்ஷில் உட்காராமல் பெல்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஓடியதும் பெல்ட் தளர்ந்து, தட்டும் தளர்ந்து, பற்களைத் தின்றுவிட்டது. தண்டு என்றால் எஞ்ஜினையே பிரிக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பின் புள்ளியின் இரண்டு தட்டுகளையும் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அமுக்கி இறக்குங்கள். அப்போது முன்பக்கம் பெல்ட் தொய்ந்து கிடக்கும். அந்தத் தொய்வோடு வெளித் தட்டைப் போட்டு, தட்டு புஷ்ஷைத் தொடுகிறதா, தண்டின் பற்கள் தட்டுக்கு வெளியே தெரிகின்றனவா என்று கண்ணால் பார்த்தபின் நட்டை ஏற்றி, கைநூல் அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெல்டின் அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். புள்ளியின் முகங்களில் கைரேகைக் கிறீஸ்கூட இருக்கக் கூடாது. தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு எஞ்ஜினைக் கையால் சில சுற்றுச் சுற்றி, பெல்ட் முன்பக்கம் இறுகிவிட்டதா என்று பார்த்தே மூடியைப் போடுங்கள்.

புதுப் பெல்ட்டுக்கு முதல் 200 கிலோமீற்றர் மிதமாக ஓட்டுங்கள். ஏற்றத்தில் ட்ராஃபிக்கில் நிற்கும்போது அக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கிளட்ச் சூவை எரிப்பது அதுதான். பிரேக்கில் நில்லுங்கள்; புறப்படும்போது தயங்காமல் திருகுங்கள்.

இறக்கத்துக்கு

லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்கும்போது அக்ஸிலேட்டரை முழுசாக மூடி மெதுவாகப் போனால், ஒரு வேகத்துக்குக் கீழே கிளட்ச் சூ பெல்லை விட்டுவிடும். அதன் பிறகு எஞ்ஜின் பிடிப்பு இல்லை, வண்டி கட்டற்று உருளும், முழுப் பாரமும் பிரேக்கின் மேல். வண்டி திடீரென்று இலேசாகி ஓடுவது போல உணர்ந்தால், பிரேக்கால் வேகத்தை அடக்கி, அக்ஸிலேட்டரை ஒரு தொடு தொட்டு விடுங்கள். சூ மறுபடி பிடித்து எஞ்ஜின் இழுத்து நிறுத்தும். ட்ரம் பிரேக்கைத் தொடர்ந்து அமுக்கியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்து.

சின்ன ஜெட் போட்ட வண்டியில் கொழும்புக்கோ அவிசாவளைக்கோ இறங்குகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். கீழே காற்று கனமாகும்போது அதே ஜெட் பெற்றோலைக் குறைவாகக் கொடுக்கும். ஒரு நாள் போய் வருவது என்றால் முழு அக்ஸிலேட்டரில் நீண்ட நேரம் அடிக்காமல் ஓட்டினால் போதும். மாதக்கணக்கில் தங்குவது என்றால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட வேண்டும். கழற்றிய ஜெட்டை ஒரு சின்ன பொலித்தீனில் போட்டு வண்டியின் கருவிப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். சீட்டைத் தூக்கினால் தெரியும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஜெட் எண், ஸ்குரூ எத்தனை சுற்று, ரோலர் எடை, பெல்ட் மாற்றிய கிலோமீற்றர், திகதி ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறப்பது நீங்களாகவும் இருக்கலாம், வேறு ஊரில் ஒரு மெக்கானிக் பாஸாகவும் இருக்கலாம்.